முத்திரை குத்திய காட்டுப்பன்றி

அனுப்புநர்:
அ. அலெக்சாண்டர்,
உரிமம் பெற்ற காட்டு இறைச்சி வியாபாரி,
செமோர், பேராக்.

பெறுநர்:
அமலாக்க அதிகாரி அவர்கள்,
உள்நாட்டு வாணிப அலுவலகம், ஈப்போ.

பொருள்: ‘தோட்டத்து அடுப்பு’ உணவகத்தில் ‘தேவன் பிடித்த காட்டுப்பன்றிப் பிரட்டல்’ என்று விற்கப்படுவது காட்டுப்பன்றியே அல்ல என்பது பற்றியும், அதைக் கேட்டதற்கு நான் தாக்கப்பட்டது பற்றியும்.

மதிப்பிற்குரிய ஐயா,

இந்தப் புகாரின் மலாய் மொழிப் பிரதி தனியே இணைக்கப்பட்டுள்ளது. அடி வாங்கியவனின் சொல் அவன் மொழியிலும் இருக்கட்டும் என்று இதையும் வைக்கிறேன். வலக்கையில் மாவுக்கட்டு இருப்பதால் நான் சொல்ல என் மகள் ஷார்மேன் எழுதுகிறாள்.

1. தேவன் என் மனைவி ரோசம்மாவின் தம்பி. செமோர் பக்கத்துப் பழைய ரப்பர் தோட்டங்களில் உரிமத்தோடு வேட்டையாடியவன். பன்றியை வீழ்த்தியவன் பெயரைச் சொல்லித்தான் கறிக்கு விலை பேசுவது தோட்டத்து வழக்கம். ‘யார் பன்றி?’ என்று கேட்டுத்தான் எங்கள் ஆட்கள் வாங்குவார்கள். அந்த வழக்கத்தை நம்பி, தேவன் பெயரை உணவுப் பட்டியலில் போட்டால் நன்றாக ஓடும் என்று உணவக உரிமையாளர் தனேஸ்வரனுக்கு இரண்டு ஆண்டுக்கு முன் யோசனை சொன்னவன் நானேதான். இதை மறைக்க விரும்பவில்லை.

2. கடந்த நவம்பரில் காயம்பட்ட பன்றியொன்று தேவனின் தொடையை முழங்காலிலிருந்து இடுப்புவரை கிழித்துவிட்டது. எலும்பு வெளியே தெரிந்தது. நாய்கள் இரண்டு குடல் சரிந்து அங்கேயே செத்தன. ஜனவரியில் தேவன் துப்பாக்கியையும் உரிமத்தையும் ஒப்படைத்துவிட்டான். அவன் பிடித்ததை வாங்கி அந்த உணவகத்துக்குக் கொடுத்துவந்த நான், அன்று முதல் ஒரு துண்டுக் கறிகூடக் கொடுக்கவில்லை. ஆனால் பெயர் மட்டும் பட்டியலில் நின்றது.

3. அந்தப் பட்டியலைப் படம் பிடித்த வனவிலங்குத் துறையினர், உரிமமின்றிக் கண்ணி வைத்து வேட்டையாடுவதாகத் தேவனை விசாரணைக்கு அழைத்திருக்கிறார்கள். அவர்கள் கேட்டபோது தனேஸ்வரன், தன் ஏமாற்று வெளியே வராமலிருக்க, “வாரா வாரம் தேவன்தான் கொண்டுவாரான்” என்று எழுதிக் கொடுத்துவிட்டார். குந்தி எழ முடியாதவன் சிறைக்குப் போகும் நிலையில் இருக்கிறான். விசாரணை 19ஆம் தேதி, திங்கட்கிழமை.

4. மே 10, சனிக்கிழமை நண்பகலில் அங்கே சென்று ஒரு தட்டு வாங்கினேன். காட்டுப்பன்றிக்குக் கொழுப்பு மெல்லியது. தட்டில் இருந்ததோ விரல் தடிமனுக்கு வெள்ளைக் கொழுப்பு. முப்பது வருடமாக இந்தக் கறியை வெட்டுகிறவன் நான். பெயரையாவது எடுத்துவிடும்படி தனேஸ்வரனிடம் தன்மையாகவே கேட்டேன். “அண்ணே, கறி கறிதானே லா. திங்கிறவன் காட்டையா பாக்குறான்? போலாம், போய் வேலையப் பாருங்க” என்றார்.

நான் சமையலறைக்குள் போனேன். அனுமதி கேட்கவில்லை, அது என் தவறு. தொட்டியில் பச்சைக் கறி கிடந்தது. ஒரு தோல் துண்டில் இறைச்சிக்கூடத்து ஊதா முத்திரை பாதி தெரிந்தது. எந்தக் காட்டுப்பன்றியும் முத்திரை வாங்கிக்கொண்டு காட்டுக்குத் திரும்பியதில்லை, ஐயா. துண்டை எடுத்துக் கைக்குள் பொத்திக்கொண்டேன்.

5. தனேஸ்வரன் இரும்புக் கரண்டியால் என் முகத்தில் அடித்தார். புருவம் பிளந்து கண்ணில் ரத்தம் இறங்கியது. சமையற்காரர்கள் இருவர் என்னை மல்லாத்தி, கையை வெட்டுப்பலகையில் அழுத்திப் பிடித்தார்கள். “கையத் தொறடா! தொறக்குறியா, வெட்டிப் போடவா?” என்று கேட்டுக்கேட்டு அவர் கரண்டியின் பின்புறத்தால் விரல்களில் அடித்தார். இரண்டாவது அடியில் எலும்பு முறிந்தது எனக்கே கேட்டது. நான் திறக்கவில்லை. காலால் உதைத்ததில் அவருடைய முன்பல் ஒன்று போயிற்று. கொதிக்கும் குழம்புச் சட்டி கவிழ்ந்து சமையற்காரர் ஒருவரின் பாதம் வெந்தது; அந்தக் களேபரத்தில் துண்டோடு வெளியே வந்துவிட்டேன். அந்தச் சமையற்காரருக்காக வருந்துகிறேன். பல்லுக்காக வருந்தவில்லை.

6. நான் திருட வந்ததாகத் தனேஸ்வரன் காவல் நிலையத்தில் புகார் செய்திருக்கிறார். என் புகாரின் நகலும் மருத்துவச் சான்றும் இணைப்பில் உள்ளன. அடிதடியைப் போலீஸ் பார்த்துக்கொள்ளட்டும். தாங்கள் கறியைப் பார்க்க வேண்டும்.

ஆகவே, என் குளிர்பதன அறையில் உறையிட்டு வைத்திருக்கும் தோல் துண்டை எடுத்துச் சோதிக்கவும், முன்கூட்டித் தெரிவிக்காமல் அந்தச் சமையலறைக்குச் சென்று மாதிரி எடுக்கவும், முடிவைத் திங்கட்கிழமைக்குள் வனவிலங்குத் துறைக்கு அனுப்பவும் பணிந்து வேண்டுகிறேன். சோதனையில் அது காட்டுப்பன்றி என்றே வந்தால், தேவனை நானே என் லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து ஒப்படைக்கிறேன்.

இன்னொன்றையும் மிரட்டலாக அல்லாமல் தகவலாகச் சொல்ல வேண்டும். தேவனின் பாராங் கத்தியைப் பிடுங்கி அதே குளிர்பதன அறையில் பூட்டியிருக்கிறேன். நேற்று ஊன்றுகோலோடு வந்து நின்றான். “மச்சான், எனக்கு நடக்கத்தான் முடியாது. உக்காந்து வெட்ட முடியும் லா” என்றான். நடக்கக்கூடியதை முன்கூட்டிச் சொல்லிவிடுவது வியாபாரிக்கு அழகு. பூட்டு உறுதியானது. சாவி என் மனைவியிடம் இருக்கிறது; அவள் தேவனின் அக்கா என்பதை மேலே சொல்லியிருக்கிறேன். இன்று காலை திருப்பிக் கேட்டேன், தரவில்லை.

நாள்: 14 மே 2025
இடம்: செமோர்

இப்படிக்கு, தங்கள் வருகைக்காகக் கடையைத் திறந்தே வைத்திருக்கும்,
அ. அலெக்சாண்டர்
(வலக்கை முறிந்துள்ளதால் இடது பெருவிரல் ரேகை)