பின்கட்டுக்குப் போகும் வயர்

பாசமுள்ள கோமதி அண்ணிக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டு டிவி வயரைக் குரங்கு அறுத்துவிட்டது. நீங்கள் போன இந்தப் பத்து மாதத்தில் சொல்ல எத்தனையோ இருக்க, குரங்கில் ஆரம்பிக்கிறானே என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? அந்த வயரை இழுத்ததே நீங்கள்தானே.

நம் வீட்டைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள், அதனால் கொஞ்சம் பழைய கதை சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். முன்கட்டில் அண்ணனின் தறி, அதற்கு எதிரே அலமாரியில் டிவி. நடுவில் சமையற்கட்டு, முற்றம். முற்றத்தைத் தாண்டினால் பின்கட்டில் ஒற்றை அறை, அதில் நான். இருபது எட்டு வைத்தால் போய்விடலாம். அந்த இருபது எட்டை அண்ணனும் நானும் ஒன்றரை வருடம் வைக்கவில்லை.

தப்பு என்னுடையதுதான். திருப்புட்குழியில் அண்ணன் பார்த்து வைத்த பெண்ணை, நிச்சயத்துக்கு முந்தின நாள் வேண்டாம் என்றேன். அண்ணன்தான் தனியாகப் போய் அந்த வீட்டு வாசலில் தலைகுனிந்து நின்றுவிட்டு வந்தார். வந்தவர் என்னோடு பேச்சை நிறுத்தினார். வீம்புக்கு நானும் நிறுத்தினேன். அதற்கப்புறம் எங்கள் இருவருக்கும் வாய் நீங்கள்தான். "அவன் சாப்ட்டானான்னு கேளு" என்பார் அண்ணன், என் காதில் விழும்படியே. "சாப்ட்டேன்னு சொல்லுங்க அண்ணி" என்பேன் நான். இதை அங்கேயும் அதை இங்கேயும் முகம் சுளிக்காமல் கொண்டுவந்து சேர்த்தீர்கள். எவ்வளவு அலுப்பாக இருந்திருக்கும் உங்களுக்கு? ஒருநாளும் நான் கேட்டதில்லை.

பிறகு பைக்கிலிருந்து விழுந்து என் கால் முறிந்தது. மூன்று மாதம் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்றார்கள். பல்லியையும் சுவரையும் பார்த்துப் பார்த்து எனக்குக் கிறுக்குப் பிடிக்கும்போல இருந்தது. ஒருநாள் காலையில் உங்கள் அம்மா வீட்டில் சும்மா கிடந்த சின்ன டிவியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றீர்கள், தோளில் ஒரு வளையம் கேபிள் வயர். "பொழுது போவணும் இல்ல" என்றீர்கள். அவ்வளவுதான் விளக்கம்.

நீங்கள் ஆள் கூப்பிடவில்லை. ஸ்டூல் போட்டு ஏறி, செட்டாப் பாக்ஸிலிருந்து வயரை எடுத்து, தறிக்கு மேலே உத்தரத்தோரமாக ஓட்டி, சமையற்கட்டு ஜன்னல் வழியே வெளியே விட்டு, முற்றத்துத் துணிக்கொடியோடு சேர்த்துக் கட்டினீர்கள். கட்டுவதற்குக் கயிறா தேடினீர்கள்? தறியில் மிஞ்சிய பட்டு இழைகள். அரக்கு, பச்சை, மாம்பழ மஞ்சள். காஞ்சிபுரத்திலேயே பட்டில் கட்டிய கேபிள் நம் வீட்டில்தான் இருக்கும்.

வயர் எட்டவில்லை. பாதி வழியில் இன்னொரு துண்டைச் சேர்க்க வேண்டியிருந்தது. சேர்ப்பதுதான் உங்கள் தொழிலாயிற்றே. தறியில் நீளவாட்டில் ஓடும் இழைகளான பாவு ஒன்று முடிந்து புதுப் பாவு ஏறும்போது, பழைய இழையோடு புது இழையை ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைக்க நம் தெருவில் உங்களைத்தான் கூப்பிடுவார்கள். ஆயிரக்கணக்கான இழையில் ஒன்றைக்கூட உங்கள் விரல் விட்டதில்லை. அதே வழக்கத்தில், விரல் வழுக்காமல் இருக்கச் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, கேபிளின் நடுக் கம்பி, அதைச் சுற்றியிருந்த மெல்லிய கம்பி வலை எல்லாவற்றையும் ஒரே முறுக்காக முறுக்கிவிட்டீர்கள். இழுத்துப் பார்த்தீர்கள், அசையவில்லை. படமும் வரவில்லை.

கேபிள்கார சாதிக் வந்து பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இன்னாக்கா இது, எல்லாத்தயும் சேத்து முறுக்கி வெச்சிக்கிற? இது பாவு இல்லக்கா. உள்ள கம்பி வேற, வெளிய வலை வேற. ரெண்டும் தொட்டுச்சின்னா படம் வராது."

"ஒரே வயருக்குள்ளதானபா இருக்குது ரெண்டும்?"

"இருக்கணும். ஒண்ணு இல்லன்னாலும் வேலைக்கு ஆவாது. ஆனா தொட்டுக்கக் கூடாது."

"அப்ப எங்க ஊட்டு அண்ணன் தம்பி மாதிரின்னு சொல்லு" என்றீர்கள் நீங்கள். முன்கட்டில் தறிச் சத்தம் சட்டென்று நின்றது. நான் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டேன்.

வெட்கப்படவில்லை நீங்கள். அவரிடமிருந்து வயரை வாங்கி, அவர் காட்டியபடி நீங்களே கம்பியைக் கம்பியோடும் வலையை வலையோடும் சேர்த்து, நடுவில் டேப் சுற்றினீர்கள். படம் வந்தது. முன்கட்டில் என்ன ஓடுகிறதோ அதேதான் பின்கட்டிலும். ரிமோட் அண்ணன் கையில். அதை ஒரு குறையாகவே நான் நினைத்திருந்தேன், அந்தக் கிரிக்கெட் மேட்ச் வரைக்கும்.

மத்தியானம். கடைசி ஓவர். நடுவில் விளம்பரம் வந்ததும் அண்ணன் பாட்டு சேனலுக்கு மாற்றிவிட்டார். திரும்பி வருவார் என்று பார்த்தேன், வரவில்லை. "அண்ணி, மாத்தச் சொல்லுங்க" என்று கத்தினேன்.

"கையில மாவு இருக்குதுபா. நீயே சொல்லு" என்றீர்கள் சமையற்கட்டிலிருந்து.

என் கட்டிலிலிருந்து சமையற்கட்டு ஜன்னல் நேராகத் தெரியும், அண்ணி. கையில் மாவும் இல்லை, மண்ணும் இல்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தீர்கள்.

தொண்டையைச் செருமிக்கொண்டு கூப்பிட்டேன். "அண்ணா. மேட்ச் போடுண்ணா. ஓவர் முடியப்போவுது."

என் டிவியில் மைதானம் வந்தது. கூடவே முற்றத்தைத் தாண்டி அண்ணனின் குரலும் வந்தது. "இன்னும் மூணு பந்து இருக்குதுடா. இரு, ஏன் பறக்கற?" ஒன்றரை வருடத்துக்கு அப்புறம் அண்ணன் நேராக என்னிடம் சொன்ன முதல் வார்த்தை அதுதான். யார் ஜெயித்தார்கள் என்று இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இல்லை. அழுதுகொண்டிருந்தேன், அதனால் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் தினமும் முற்றத்தைத் தாண்டிக் கத்தல்தான். "மாத்து", "மாத்தாத", "இதப் போயி பாக்கற பாரு". தெருவே கேட்டுச் சிரித்தது. எனக்குக் கால் சரியான பிறகும் அந்த வயரை நீங்கள் கழற்றவில்லை. வயரின் சாமர்த்தியம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த சாதிக் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்ன பிறகுதான் விஷயம் தெரிந்தது. "அன்னிக்கே பின்கட்டுக்கு இன்னொரு செட்டாப் பெட்டி வெச்சித் தரேன்னேன். தம்பி அவருக்குப் பிடிச்சதப் பாக்கட்டும்னேன். அக்கா வேணாம்னுட்டாங்க. ரெண்டு பெட்டி வெச்சா அவங்கவங்க பாட்டுக்கு பாத்துகினு இருப்பாங்க, ஒண்ணு போதும்னாங்க."

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, அண்ணனிடம்கூட. எவ்வளவு பெரிய ஆள் அண்ணி நீங்கள். பாவு பிணைக்கும்போது முறுக்கின இடம் தெரியாது என்பார்கள். எங்களைச் சேர்த்த இடமும் அப்படித்தான், எங்களுக்கே தெரியவில்லை.

ஆனால் நீங்கள் போனதும் அண்ணன் டிவியை அணைத்தார், அணைத்ததுதான். முன்கட்டில் போட்டால்தானே பின்கட்டில் வரும்? என் டிவியும் கறுப்பாகவே கிடந்தது. கோபம் ஒன்றும் இல்லை எங்களுக்குள். பேச எதுவும் வரவில்லை, அவ்வளவுதான். அவர் கேட்கச் சொல்ல நீங்கள் இல்லை, நான் பதில் சொல்லி அனுப்பவும் நீங்கள் இல்லை. பழையபடி ஆகிவிடுவோமோ என்று எனக்குப் பயமாக இருந்தது. ஓசூரிலிருந்து உங்கள் மகள் தீபா போன் செய்தாள். "சித்தப்பா, அப்பாவுக்கு ஒண்ணு, உங்களுக்கு ஒண்ணு, ரெண்டு புது டிவி வாங்கித் தரேன். வைஃபைல தனித்தனியா பாத்துக்கலாம்" என்றாள். பாசத்தில்தான் சொன்னாள். எனக்கு வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் குரங்கு. கொடியில் தொங்கி ஆடி, நீங்கள் சேர்த்த அதே இடத்தில் அறுத்துவிட்டுப் போனது. பத்து மாதமாக ஓடாத வயர், அறுந்தால் என்ன என்று நான் விட்டுவிட்டேன். மத்தியானம் வெளியே வந்தால், முற்றத்தில் அண்ணன் ஸ்டூல் மேல் நிற்கிறார். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் சாம்பல். கம்பியையும் வலையையும் எல்லாம் சேர்த்து ஒரே முறுக்காக முறுக்கிக்கொண்டிருந்தார்.

இறங்கி உள்ளே போய் டிவியைப் போட்டார். "வருதாடா?" என்று அங்கிருந்து கத்தினார்.

"வரலண்ணா."

"நல்லாதான முறுக்கினேன்?"

"அண்ணி முறுக்கின மாதிரியே முறுக்கி வெச்சிருக்கண்ணா" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. அண்ணன் முற்றத்துக்கு வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். பத்து மாதமாக அழாத மனிதர் அன்றைக்கு அழுதார். நான் ஸ்டூலில் ஏறி, முறுக்கைப் பிரித்து, கம்பியையும் வலையையும் தனித்தனியே சேர்த்தேன். அவர் கீழே நின்று டேப்பைக் கிழித்துக் கிழித்துக் கொடுத்தார். கட்டுவதற்கு அவர் எடுத்து வந்தது அரக்குப் பட்டு இழை.

படம் வந்தது. அண்ணன் பாட்டு சேனல் போட்டார். நான் மாற்றச் சொல்லவில்லை.

சாயங்காலம் தீபாவிடம் அண்ணனே போனில் பேசினார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். "ரெண்டு வேணாம்மா. இங்க ஒண்ணு போதும்" என்றார். நீங்கள் சாதிக்கிடம் சொன்னது அவருக்குத் தெரியாது, அண்ணி. அவராகத்தான் சொன்னார்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். வயர் எத்தனை முறை அறுந்தாலும் நான் சேர்ப்பேன். தினமும் ஒரு தடவையாவது முற்றத்தைத் தாண்டி "மாத்துண்ணா" என்று கத்துவேன், எனக்குப் பிடித்ததே ஓடிக்கொண்டிருந்தாலும்.

இனி வாய் விட்டுப் பேசும்
உங்கள் கொழுந்தன்,
குமரன்