பிடுங்கிப் போட்ட நான்கு பான்சிகள்

நவம்பர் 9
ஆஸ்பத்திரியில் என்னை சஸ்பெண்ட் செய்து இன்றோடு பதினேழு நாள். சும்மா கிடந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று என் கணவருக்குப் பயம். பன்னிரண்டு பான்சிப் பூ நாற்று வாங்கி வாசலில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். குளிர்காலத்தில் பூக்குமாம். நட்டேன்.

நவம்பர் 14
வாடிய பூவைக் காம்போடு கிள்ள வேண்டும், விட்டால் விதை பிடித்துப் பூப்பதே நின்றுவிடும் என்றார் பக்கத்து வீட்டு அக்கா. கிள்ளப் போனால் மொட்டையும் சேர்த்துப் பிய்த்துவிடுகிறேன். இருபத்திரண்டு வருஷம் நர்ஸாக ஊசி போட்ட கை.

நவம்பர் 20
அன்று நடந்ததை இன்னும் எழுதவில்லை. எழுதிவிடுகிறேன். ஆறாம் கட்டில் பெரியவர். அவருக்கான மருந்துக் குப்பியும் இன்னொரு மருந்தின் குப்பியும் பார்க்க ஒன்று போலவே இருக்கும். எப்போதும் எடுக்கிற இடம்தானே என்று, லேபிளைப் படிக்காமல் மாற்றி ஏற்றிவிட்டேன். கால் மணி நேரம்தான், உயிர் போய்விட்டது. அவர் மனைவி வெளியே பெஞ்சில் அவருக்காக ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

நவம்பர் 21
செடிகளுக்குத் தண்ணீர்கூட ஊற்றவில்லை.

டிசம்பர் 3
ஹெட் நர்ஸ் போன் செய்தார். பதினெட்டாம் தேதி விசாரணை. "லேபிள் அழிஞ்சிருந்துச்சுன்னு சொல்லிடு. நாங்களும் அதையே சொல்றோம். யாருக்கும் சேதாரமில்ல."
யாருக்குமா?
சரி என்றேன். ஆமாம், சரி என்றுதான் சொன்னேன்.

டிசம்பர் 11
முதல் உறைபனி. விடிந்து பார்த்தால் அத்தனை செடியும் தரையோடு தரையாகக் கிடக்கிறது, இலையெல்லாம் விறைத்து. போச்சு. நான் தொட்டது எது பிழைச்சிருக்கு? ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். நாலுக்கு மேல் முடியவில்லை. உள்ளே வந்து படுத்துவிட்டேன்.
மதியம் அக்கா கூப்பிட்டுக் காட்டினார். மிச்ச எட்டும் வெயில் பட்டு நிமிர்ந்து நிற்கின்றன. பனியில் அதுங்க அப்படித்தான் படுத்துக்கும், கொஞ்சம் பொறுத்திருக்கலாமே என்றார்.
உயிரோட இருந்ததைப் பிடுங்கிட்டேன். சரியாப் பார்க்காம — மறுபடியும்.
திரும்ப நட்டுவைத்தேன். வேர் அறுந்திருக்கிறது.

டிசம்பர் 14
நான்கும் செத்துவிட்டன.

டிசம்பர் 18
நீள மேசை, மூன்று பேர். சுவரோரம் அந்தப் பெரியவரின் மனைவி. மனப்பாடம் செய்த வரி நாக்கு நுனி வரை வந்தது.
"லேபிள் நல்லாத்தான் இருந்துச்சு. நான் படிக்கல."
ஹெட் நர்ஸ் அதற்குப் பிறகு என் பக்கம் திரும்பவே இல்லை.
வெளியே வந்தபோது அந்தம்மா வழியில் நின்றார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்வோம் என்றும்.
"அவரு வலியில துடிச்சாரா?"
"இல்லம்மா. தூங்கினபடியே போயிட்டார். நான் பக்கத்துலதான் இருந்தேன்."
"இத்தனை நாளா யாரு சொல்லியும் நம்பல. நீங்க சொன்னா நம்புறேன்."
அவ்வளவுதான். போய்விட்டார்.

டிசம்பர் 30
பான்சிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது கடிதம் வந்தது. வேலை போய்விட்டது. இனி எங்கேயும் நர்ஸாக முடியாது. வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதேன், எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. வாளியில் பாதித் தண்ணீர் அப்படியே இருந்தது. மீதிச் செடிகளுக்கும் ஊற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தேன்.