லினக்ஸில் ஏறாத பாட்டு

வெள்ளி, இரவு.

இன்று காலை கடையில் நின்றது நான், இவர், கடைக்காரத் தம்பி. ராகுகாலத்துக்கு முன் வாங்கவேண்டுமென்று நான்தான் அவசரப்படுத்தினேன். சோதித்துப் பார்க்கவில்லை. மகள் பாடிய தேவாரங்களை ஏற்றத்தான் அந்தச் சின்ன எம்பி3 பிளேயர். வீட்டுக்கு வந்தால், எங்கள் லினக்ஸ் கணினியில் அது வேலை செய்யவில்லை. விண்டோஸ் வேண்டுமாம்.

கடைக்குப் போன் எடுத்தேன்.

"பென்டிரைவ் மாதிரி லினக்ஸிலயும் பாட்டைக் கொப்பி பண்ணுறது ஒண்டு இருக்கு அக்கா, ஸ்கிரீன்தான் இல்ல. காலமை ஒன்பதுக்குக் கடை துறப்பன், மாத்தித் தாறன்."

நாளை ஒன்பதுக்கு ராகுகாலம் தொடங்குகிறது. அது முடிந்த கையோடு இவருடைய படகு ஆழ்கடலுக்குப் போகிறது.

"நேரம் பாத்து வாங்கினதுதானே இது!" என்று இவர் சிரித்தார். பிறகு, "பிள்ளையின்ர குரல் இல்லாம எனக்கு அங்க நித்திரை வராதப்பா" என்றார்.

களைத்துவிட்டேன். அம்மாளே, அந்த நேரத்தில் மாற்றலாமா? விடியமுன் கனவில் வந்து சொல்லிவிடுங்கோ.