மூன்று துளி, புல், மேகம்

சியாயி, தைவான்
ஜூன், மழை நாள்

அன்புள்ள பெய்ஷானுக்கு,

ஜிஹோங் எழுதுவது. இங்கே நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், கடை திறக்கிறேன். நீயும் அப்படித்தான் இருக்கிறாய் என்று உன் அக்கா சொன்னாள். ஃபோனை எடுத்ததும் முதலில் அதைத்தான் சொல்கிறாள், சாப்பிட்டாள், தூங்கினாள் என்று. உன் ஃபோனை அணைத்து மேஜை டிராயருக்குள் போட்டுவிட்டாயாம். தபாலில் ஏதாவது வந்தால் ஒருவேளை படிப்பாள் என்று அவள்தான் யோசனை சொன்னாள். கடை முழுக்கக் காகிதம் இருந்தும் கடிதம் எழுத ஒரு தாள் அகப்படவில்லை. இது கல்யாணப் பத்திரிகைக்கு வாங்கிய தாள். இந்த முத்துப் பளபளப்பு உனக்குப் பிடிக்காது. பொறுத்துக்கொள்.

மழை பிடித்து நாளாகிறது. பின்பக்கத் தகரம் ஒழுகும் இடத்தில் வாளி வைத்திருக்கிறேன், காகிதக் கட்டுகளை மேல் தட்டில் ஏற்றிவிட்டேன். டிராகன் படகுப் பண்டிகைக்கு இந்த வருஷம் துக்கம் நடந்த நம் வீட்டில் அரிசிப் பொட்டலம் கட்டக்கூடாதல்லவா, எதிர்க்கடை டீக்காரம்மா அதை ஞாபகம் வைத்து ஒரு கொத்து கொண்டுவந்து ஷட்டர் கைப்பிடியில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறாள். நிலக்கடலை போட்டு வேகவைத்தது. கூப்பிடவும் இல்லை, மணி அடிக்கவும் இல்லை. இரண்டு தின்றேன். ருசி ஒன்றும் தெரியவில்லை, வயிறு நிறைந்தது. மீதி ஃபிரிட்ஜில் இருக்கிறது. கெட்டுப்போகாது.

வேலைக்குக் குறைவில்லை. கோயில் ஊர்வலத்துக்கு பேனர், பல் டாக்டருக்குப் புது போர்டு, தொண்ணூறு வயதுக்காரர் ஒருவருக்கு, நிறைவாக வாழ்ந்தவர் என்று இளஞ்சிவப்புத் தாளில் இரங்கல் பத்திரிகை. கை பாட்டுக்குச் செய்கிறது. முன்பு எழுத்துக்கு நடுவே இடைவெளி கொஞ்சம் கூடிப்போனால் நீ உன் நாற்காலியிலிருந்தே உச்சுக் கொட்டுவாய். இப்போது உச்சுக் கொட்ட ஆள் இல்லாததால் எல்லாம் சுமாராகவே போகிறது. யாரும் குறை சொல்லவில்லை, அது இன்னும் மோசம். தைபேயிலிருந்து உன் வாடிக்கைக்காரர்கள் நீ வரைந்த இல்லஸ்ட்ரேட்டர் ஃபைல் வேண்டும் என்று எழுதுகிறார்கள். ஊருக்குப் போயிருக்கிறாள் என்று பதில் போடுகிறேன்.

போன வாரம் வரை உன் கம்ப்யூட்டரை நான் தொடவில்லை. சண்டை போட்டுத்தானே இரண்டு மெஷின் வாங்கினோம். கல்யாணமான புதிதில் நீ என் மெஷினில் நான் வரைகிற கோரல் டிராவைத் திறந்து பார்த்துவிட்டு, இது போர்டு எழுதுகிறவர்களின் பெட்டி, இதில் எப்படி மனுஷி வேலை செய்வாள் என்று கேட்டாய். நான் உன் இல்லஸ்ட்ரேட்டரில் ஒரு வட்டம் போடுவதற்குள் வியர்த்துவிட்டேன். எது நல்லது என்று எத்தனை வருஷம் வாதாடியிருப்போம். உன்னுடையதில் நிறம் நீ பார்த்தபடியே அச்சில் வரும், வளைவு வெண்ணெய் மாதிரி போகும் என்பாய். என்னுடையதில் அளவு அடித்தால் அளவு வரும், ஸ்டிக்கர் வெட்டுகிற மெஷின் மறுபேச்சில்லாமல் கேட்கும், ஒருமுறை வாங்கினால் மாதாமாதம் யாருக்கும் வாடகை கட்ட வேண்டாம் என்பேன். இப்போது யோசித்தால் இதெல்லாம் பிறகு சேர்த்துக்கொண்ட காரணங்கள். எனக்கு வேலை கற்றுக்கொடுத்த கடையில் கோரல்தான் இருந்தது, உன் கல்லூரியில் மற்றது இருந்தது. கை பழகியதை மனசு நியாயப்படுத்துகிறது, அவ்வளவுதான். இன்றைக்கு வருகிற பெண்கள் ஃபோனிலேயே பத்திரிகை செய்துகொண்டு வந்து அச்சடித்தால் போதும் என்கிறார்கள். அவர்களுக்கு நம் சண்டை புரியவே புரியாது.

குழந்தைக்குப் புரிந்தது. திரையில் இருந்த படங்களைப் பார்த்து என்னுடையதற்கு பலூன் என்றும் உன்னுடையதற்கு ஆரஞ்சு என்றும் பெயர் வைத்தாள். என் மடியில் இருக்கும்போது பலூன் கட்சி, உன் மடிக்கு மாறியதும் ஆரஞ்சு கட்சி. ஒருநாள் நான் நேராகவே கேட்டேன், ரெண்டில் எது நல்லது சொல் என்று. அவள், "ஆரஞ்சுல என் பேரு இருக்கு. ஒன்னோடதுல இல்லையேப்பா" என்றாள். நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

அந்தப் பெயர் விஷயமாகத்தான் இதை எழுதுகிறேன்.

போன வாரம் அ-ஷெங் வந்தான். அஸ்தி மாடத்தில் எல்லாப் பெயர்க் கல்லும் அவன் மெஷினில்தான் வெட்டுகிறார்கள், உனக்குத் தெரியும். வாசலிலேயே வாயிலிருந்த பாக்கைத் துப்பிவிட்டு உள்ளே வந்தான். இத்தனை வருஷத்தில் அவன் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. நம் வீட்டுக் கல்லுக்கு இன்னும் பெயர் வந்து சேரவில்லை, நூறாம் நாளுக்குள் மாட்ட வேண்டும் என்றான். மாடத்தில் இப்போதைக்குக் கலயத்தின் முன்னால் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்களாம். அதில் நம் குடும்பப் பெயர் லாய் என்று இருக்கிறது, அதன் கீழே, அவள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், ஒரு வெற்றுக் கட்டம். ஆஸ்பத்திரிக் கைப்பட்டையில் வந்த அதே கட்டம்தான். அன்றைக்கு நீ நர்ஸிடம் பேனா வாங்கி அந்தக் கட்டத்துக்குள் எழுத்தைப் போட்டாய். மாடத்தில் போட யாரும் இல்லை.

அவன் கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்துவிட்டானாம், எந்த ஃபாண்டிலும் அந்த எழுத்து இல்லை. இருக்காது. நீரும் புல்லும் மேகமும் சேர்ந்த அந்த ஒற்றை எழுத்துதான் அவள் பெயர், ஜாதகத்தில் தண்ணீர் குறைவு என்று சொல்லி ஜோசியர் எந்தப் பழைய ஏட்டிலிருந்தோ எடுத்துக்கொடுத்தது. கடைசியில் அவன் கேட்டான்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. மேல இருக்கற அந்தப் புல்லை மட்டும் விட்டுட்டா எங்கிட்ட எழுத்து இருக்கு. சத்தம் ஒண்ணுதான். போட்டுரவா?"

வேண்டாம் என்றேன். அவன் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. எத்தனையோ வீட்டில் சரி என்றிருப்பார்கள். அவளுக்கு இரங்கல் பத்திரிகை அடிக்கவில்லை. அப்பா அம்மாவுக்கு முன்னால் போன பிள்ளைக்கு அடிப்பதில்லை. நாம் இரண்டு பேரும் கூடப் போய் வழியனுப்பவும் கூடாது என்றார்கள், என் அண்ணன்தான் எடுத்துக்கொண்டு போனான். ஊரெல்லாம் பெயர் அச்சடித்துக் கொடுக்கிற கடையில் நம் பிள்ளைக்கென்று ஒரு வரி அடிக்கவில்லை. மிச்சம் இருப்பது இந்தக் கல் ஒன்றுதான். அதிலும் அடுத்த வீட்டுக் குழந்தையின் பெயர் மாதிரி ஒன்றைப் போட எனக்கு முடியவில்லை.

அ-ஷெங் எப்போதும் சொல்வதைச் சொன்னான், கோரலில் கொடுங்கள், அது மட்டும்தான் மெஷினுக்குப் புரியும் என்று. வழக்கமாக நீ இருந்தால் இந்த இடத்தில், இல்லஸ்ட்ரேட்டர்காரர்கள் காபி குடிப்பார்கள், கோரல்காரர்கள் பாக்கு மெல்லுவார்கள் என்று ஆரம்பிப்பான். இந்தத் தடவை அதைச் சொல்லவில்லை. போகும்போது உன் நாற்காலியைப் பார்த்து, "அண்ணி எப்ப வருவாங்க?" என்று கேட்டான். மழை விடட்டும் என்றேன். நீ இருக்கிற தாய்தோங்குக்கும் இங்கத்திய மழைக்கும் என்ன சம்பந்தம் என்று அவன் கேட்கவில்லை.

அவன் போன பிறகு உன் நாற்காலியில் உட்கார்ந்தேன். அதன் உயரத்தை மாற்றவில்லை, என் முழங்கால் மேஜையில் இடித்தது, அப்படியே இருந்தேன். ஆரஞ்சைத் திறந்தால் சந்தா முடிந்துவிட்டது என்கிறது. கட்டலாம் என்றால் இது நீதானா என்று கேட்கிறது. உன் ஃபோனுக்கு ஒரு எண் அனுப்பியிருக்கிறதாம், அதை இங்கே போட வேண்டுமாம். உன் ஃபோனோ மலைக்கு அந்தப் பக்கம் டிராயருக்குள் கிடக்கிறது. கொஞ்ச நேரம் அந்தக் கேள்வியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஃபைலை மட்டும் எடுத்து என் மெஷினில் போட்டேன்.

பள்ளிக்கூடத்துக்காக நீ செய்த பெயர் ஸ்டிக்கர் ஃபைல் அது. தம்ளர், குடை, செருப்பு என்று எல்லாவற்றிலும் ஒட்டினாயே, அதுதான். மற்றப் பிள்ளைகளின் பெற்றோர் கடையில் பத்து நிமிஷத்தில் அடித்து வாங்கிக்கொண்டு போனார்கள். எந்தக் கடை மெஷினுக்கும் அவள் பெயர் தெரியவில்லை என்று நீ உட்கார்ந்து ஒரு எழுத்திலிருந்து மூன்று துளி நீரையும், இன்னொன்றிலிருந்து புல்லையும், வேறொன்றிலிருந்து மேகத்தையும் வெட்டி ஒட்டி, மூன்றும் ஒரே கை எழுதியதுபோல இழைத்து இழைத்துச் சேர்த்தாய். சாப்பாடு ஆறிப்போகிறது என்று நான் கத்தினேன்.

என் பலூன் அதைத் திறந்தது. திறந்ததும் எல்லாம் குலைந்துபோயிருந்தது. நீ போட்ட ஃபாண்டுகள் என்னிடம் இல்லை. வகுப்பின் பெயர், ஃபோன் நம்பர், 'தொலைந்தால் திருப்பித் தரவும்' எல்லாம் கட்டம் கட்டமாக நின்றன. குடை பிடித்த பூனைகள் அழுக்குத் தண்ணீரில் முக்கியதுபோல வெளுத்துக் கிடந்தன. அவள் பெயர் மட்டும் ஒரு மயிரிழை நகரவில்லை. மற்றதெல்லாம் நீ தட்டச்சு செய்தது, அது ஃபாண்டை நம்பி இருந்தது. பெயர் நீ வரைந்தது. எந்த மெஷினுக்குக் கொண்டுபோனாலும் அது அப்படியே நிற்கும்.

எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. மூன்று மாதமாக எதுவும் வரவில்லை, உனக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்வது. அந்த எழுத்தைத் திரை நிறையப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு கடை மூடும் வரை உட்கார்ந்திருந்தேன்.

நேற்று ஒரு வாடிக்கைக்காரம்மா மழையில் அவசரமாகக் கிளம்பும்போது வாசல் கூடையிலிருந்து சின்னக் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தெருமுனையில் விரித்துப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார். கைப்பிடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் காட்டி இதை எப்படிப் படிப்பது என்று கேட்டார். முன்பெல்லாம் எல்லோரும் கேட்பார்கள், நீயும் நானும் அலுத்துப்போய் பதில் சொல்வோம். இந்த மூன்று மாதத்தில் யாரும் கேட்கவில்லை. நான் யூன் என்றேன். தண்ணீர், புல், மேகம் என்று விளக்கியும் சொன்னேன். நல்ல பெயர் என்றார். பள்ளிக்கூடம் போகிறாளா என்று கேட்டார். ஆமாம் என்றேன். பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. வாயில் அதுதான் இருந்தது. அவர் போன பிறகு குடையைத் துடைத்து அதே கூடையில் வைத்தேன்.

இப்போது உன்னிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. ஃபைலை அ-ஷெங்குக்கு அனுப்பியிருக்கலாம், நான் அனுப்பவில்லை. ஸ்டிக்கருக்காக நீ மெலிதாக வரைந்தாய். அ-ஷெங்கிடம் ஒரு ஸ்டிக்கரைக் காட்டிக் கேட்டேன், அப்படியே கல்லில் வெட்டினால் அந்தப் புல்லின் கோடு உடைந்துவிடும், எல்லாக் கோட்டையும் கொஞ்சம் தடிப்பாக்க வேண்டும் என்கிறான். எனக்கு அது இரண்டு நிமிஷ வேலை. பலூனில் ஒரு எண் அடித்தால் நாலு பக்கமும் சமமாகத் தடிக்கும். ஆனால் மூன்றாவது துளியை நீ வேண்டுமென்றே கொஞ்சம் மேலே தூக்கி வைத்திருக்கிறாய், அவள் மூக்கு மாதிரி இருக்கட்டும் என்று அன்றைக்குச் சொன்னாய். என் மெஷின் தடிப்பாக்கினால் அது போய்விடும். இரண்டு தடவை மவுஸில் கையை வைத்தேன், இரண்டு தடவையும் எடுத்துவிட்டேன். அதை உன் கைதான் செய்ய வேண்டும், பெய்ஷான். ஆரஞ்சில்தான் செய்ய வேண்டும். சண்டையில் நான் தோற்றேன் என்று வைத்துக்கொள்.

மெஷின் இங்கே இருக்கட்டுமா, அங்கே அனுப்பட்டுமா என்று நீ சொல்கிறபடி செய்கிறேன். அதற்கு முன்னால் சந்தாவைக் கட்ட வேண்டும். கடிதம் உனக்கு வியாழக்கிழமை கிடைக்கும் என்று தபால்காரர் சொல்கிறார். வெள்ளிக்கிழமை காலை கடை திறந்ததும் உன் நாற்காலியில் உட்கார்ந்து அந்தப் பொத்தானை அழுத்துவேன். எண் வந்த பிறகு கொஞ்ச நேரம்தான் காத்திருக்கும். பதில் போடாவிட்டால் மறுபடி அழுத்துவேன். நாள் முழுக்க அதைத்தான் செய்துகொண்டிருப்பேன், வேறு வேலை வைத்துக்கொள்ளவில்லை.

டிராயரைத் திற. ஃபோனைப் போட்டு, என்னைக் கூப்பிட்டு, வருகிற எண்ணைச் சொல். எண்ணை மட்டும் படித்தால் போதும், வேறெதுவும் நீ பேச வேண்டாம். நானும் பேச மாட்டேன். நீ சொல்லச் சொல்ல இங்கே ஒவ்வொன்றாக அடிப்பேன்.

மெதுவாகப் படி.

உன்
ஜிஹோங்