இருபத்தேழு இல்லை, முப்பத்தொண்டு

அன்புள்ள அப்பாவுக்கு,

பிரஷர் குளிசை ஒழுங்காப் போடுறியளோ? இஞ்ச கொழும்பில, வெள்ளவத்தையில நான் சுகம். போனில கதைச்சா இடையில கட் பண்ணிப்போடுவியள், அதுதான் எழுதுறன்.

இந்தக் கிழமை ஒரு ஆஸ்பத்திரிக்கு நோயாளர் பதிவு புரோகிராம் எழுதினனான், ஜாவாஸ்கிரிப்டில. அதில ஒருத்தரின்ர வயதை ஆரும் நேரா மாத்தேலாது, செட்டர் எண்ட காவலைத் தாண்டித்தான் போகோணும். முதல்நாள் நான் விட்ட பிழையால செட்டர் தன்னையே திரும்பத் திரும்பக் கூப்பிட்டு, புரோகிராம் விழுந்து போச்சு. ஒஃபிசில எல்லாரும் சிரிச்சவை. இப்ப திருத்தியாச்சு. பிறந்த திகதிக்கு ஒத்துவராத வயதைக் குடுத்தா உடன திருப்பி எறியும்.

நீங்கள் கலியாணத் தரகரிட்ட என்ர வயது இருபத்தேழு எண்டு குடுத்ததா மாமி சொன்னவ. ஆரைக் கேட்டுக் குடுத்தனீங்கள்? நீங்கள் வெட்டி எறிஞ்ச நாலு வருசமும் நான் இஞ்ச தனியச் சமைச்சு, தனியச் சாப்பிட்ட வருசங்கள்.

அம்மா வறுத்த கறித்தூள் முடிஞ்சுது. வெள்ளவத்தை பஸ்ஸில அரைக் கிலோ போட்டுவிடுங்கோ. அதுக்கு முதல் தரகரிட்டப் போய்த் திருத்துங்கோ. இல்லாட்டி ஞாயிற்றுக்கிழமை அவர் பாத்த மாப்பிள்ளை வீட்டுக்கு நானே போன் எடுப்பன். நம்பர் என்னட்ட இருக்கு.

வேலைக்கு நேரமாச்சு.

உங்கட முப்பத்தொரு வயது மகள்,
தர்மினி