ஊதா மருந்து

1927 அக்டோபர் 3, திங்கள்
விடாத மழை. ரப்பர் ஷீட் எதுவும் காயவில்லையென்று என் வீட்டுக்காரர் அலெக்சாண்டர், தோட்டத்து ஸ்டோரிலிருந்து சிடுசிடுத்துக்கொண்டே வந்தார். ஸ்டோரில் கணக்கெழுதும் கிராணிக்கு மழைதான் எதிரி. எனக்கு அரிப்பு நிற்கவில்லை. உறைந்த ரப்பர் பால் மாதிரி திட்டுத்திட்டாக வெள்ளைபடுகிறது.

அக்டோபர் 5
பக்கத்து வீட்டு முத்தம்மாவிடம் சொன்னேன். "ஸ்டோர்ல பால் உறைய ஊத்துற ஆசிட் இருக்குல்ல, தண்ணியில கலந்து கழுவுக்கா. பட்டுனு நின்னுடும்லா." கழுவினேன்.

அக்டோபர் 6
எரிகிறது. உட்கார முடியவில்லை.

அக்டோபர் 9, ஞாயிறு
அவருக்குத் தெரிந்துவிட்டது. "இது வெட்டை நோய். எங்கிட்டேருந்து வரல. யாருகிட்டேருந்து வந்துச்சு, இசபெல்லா?" பாயைச் சுருட்டி முன்னறைக்குக் கொண்டுபோனார். மலாயாவை விட்டு அடுத்த கப்பலில் நான் நாகப்பட்டினம் போய்விடவேண்டுமாம். அழுகைகூட வரவில்லை. நான் என்ன செஞ்சேன்? ஒண்ணும் செய்யலையே — அதை எப்படிக் காட்டுறது?

அக்டோபர் 12
ரயிலேறி பத்து காஜா டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனோம். உறுதியாகத் தெரிந்துகொள்ள அவரும் வந்தார். லேடி டாக்டர் வெள்ளையைக் கண்ணாடித் துண்டில் தடவிப் பார்த்தார். தமிழ் நர்ஸ் மிஸி சொன்னார்: "வெட்டை இல்லம்மா. பூஞ்சணம். உடம்புலயே இருக்கிறதுதான், சில நேரம் கூடிப்போவும். நெறைய பொம்பளைங்களுக்கு வரும். நடத்தைக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. ஆசிட்டால புண்ணாயிருக்கு, இனிமே தொடாதீங்க. வெறும் தண்ணி போதும்." ஊதா மருந்து தடவிவிட்டார். வாசலில் அவரிடமும் அதையே சொன்னார்.

ஈர ஷீட்டில் பூஞ்சணம் பூப்பதை தினமும் பார்க்கிறவர் அவர். யாரையும் திட்டாமல் துடைத்துக் காயப்போடுவார். திரும்பும் ரயிலில் ஜன்னலோரமாகத் தனியே போய் உட்கார்ந்துகொண்டார்.

அக்டோபர் 15
அரிப்பு குறைந்திருக்கிறது. பாவாடையெல்லாம் ஊதாக் கறை.

அக்டோபர் 19
கொடியில் கிடந்த கறையைப் பார்த்து முத்தம்மா கேட்டாள். ஒளிக்காமல் சொன்னேன். "நானும் அந்த ஆசிட்லதான்க்கா கழுவுறேன்..." என்றாள், தலையைக் குனிந்துகொண்டு. நாளை அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன்.

அக்டோபர் 24, திங்கள்
சுகம். எரிச்சலும் இல்லை.

சாப்பிட்டதும் அவர் பாயைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். "முன்னறை ஒழுகுது" என்றார். கப்பல் பேச்சு இல்லை. எனக்குக் கோபம்கூட வரவில்லை.

எழுந்து முன்னறைக்குப் போய் ஒழுகுகிற இடத்தில் வாளியை வைத்தேன். "இந்தப் பக்கம் காஞ்சுதான் இருக்கு, இங்கேயே போட்டுக்குங்க" என்றேன்.