மேல் ரூமில் பஞ்சு இல்லை

அக்கா,

நீ படுத்திருந்த அறையின் கூரையில் பஞ்சு இல்லை. வைத்துவிட்டேன் என்று உன்னிடம் சொன்னது பொய். சொன்னவன் நான்.

இந்த மூன்று வரியை எழுத எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. போன வாரம் விழுப்புரத்தில் ஒரு வீட்டில் வேலை. மொட்டை மாடியில் பாதியை மறித்துச் சாய்வாகத் தகர சீட்டு போட்டிருக்கிறார்கள். அதற்குக் கீழே ஓர் அறை, வீட்டுக்காரர் மகன் உடற்பயிற்சி செய்வதற்காம். சூடு இறங்காமல் இருக்க சீட்டுக்கு அடியில் கண்ணாடிப் பஞ்சு வைத்து, அதன் கீழே போர்டு அடிக்க வேண்டும். உருளையைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையைக் கிழித்தேன். காய்ந்த கோந்தும் மூத்திரமும் கலந்த மாதிரி ஒரு வாடை அடிக்கும். உனக்கு அந்த வாடை தெரியாது. உன் அறைக்குள் அது வரவே இல்லை. மூக்கில் ஏறியதும் என் கை கத்தியோடு அப்படியே நின்றுவிட்டது.

"இன்னாடா, கண்ணுல பூந்துடுச்சா?" என்றான் கூட வேலை செய்கிறவன்.

"ஆமாண்டா" என்றேன். பொய் எனக்கு இன்னமும் இவ்வளவு சுலபமாக வருகிறது.

அந்த அறைக்கு இரண்டு அடுக்கு வைத்தோம். வேலை முடிந்த மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். வெளியே மாடித் தளத்தில் கால் வைக்க முடியவில்லை. உள்ளே வியர்வை காய்ந்தது. நாங்கள் வைத்துவிட்டு அடுத்த சைட்டுக்குப் போகிறவர்கள், எங்கேயும் உட்கார்ந்து பார்ப்பதில்லை. நான்கைந்து வருடம் இந்த வேலை செய்தும், பஞ்சு என்ன செய்யும் என்று அன்றைக்குத்தான் என் உடம்புக்குத் தெரிந்தது. உனக்கு நான் எதைத் தராமல் போனேன் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

காணைப் பக்கம் நம் காலனியில் உன் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். கரும்பு வெட்டப் போகமாட்டேன் என்று அடம்பிடித்து, திண்டிவனத்தில் ஜவுளிக்கடை வேலைக்குப் போன முதல் பெண் நீ. "வெயில்ல வேல செஞ்சது நம்ம அம்மாவோட போவட்டும். நான் ஃபேனுக்கு அடியில நிக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாய். ஃபேனுக்கு அடியில்தான் நின்றாய். காலை ஒன்பதரையிலிருந்து கடை மூடும்வரை நின்றுகொண்டே இருந்தாய். உட்காரக் கூடாது. ஆபீசர் யாராவது வந்தால் காட்டுவதற்காக நாலு ஸ்டூல் வாங்கிப் போட்டிருந்தார் முதலாளி. அதன் மேல் சுடிதார் பீஸ்களை அடுக்கி வைத்திருந்தார்கள்.

கடை மூடுகிற நேரத்துக்கு நம் ஊருக்குப் பஸ் கிடையாது. அதனால் ஆறு பெண்களுக்குக் கடைக்கு மேலேயே இடம். இரண்டாவது மாடிக்கும் தகர சீட்டுக்கும் நடுவே, ஓரத்தில் குனிந்து நடக்க வேண்டிய, ஒரே ஒரு சின்ன ஜன்னல் வைத்த அந்த மேல் ரூம். பிளைவுட் தடுப்புக்கு அந்தப் பக்கம் புடவைச் சரக்கு, இந்தப் பக்கம் நீங்கள். நான் முதல்முறை உன்னைப் பார்க்க வந்தபோது மாடிப்படியில் நின்று சொன்னாய்: "மேல சூரியன், கீழ மொதலாளி. நடுவுல நாங்க ஆறு இட்லி." மற்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அப்போது சுவருக்கும் சீட்டுக்கும் நடுவே ஒரு சாண் சந்து இருந்தது. புழுதி வரும், மழைச்சாரல் வரும், புறா வரும். ஆனால் காற்றும் வரும். இட்லிக்கு அந்தச் சந்துதான் உயிர்.

பிறகு அந்தக் கூரைக்குப் பஞ்சு வைக்கிற வேலை எங்கள் கான்ட்ராக்டருக்கே வந்தது. சரக்குப் பக்கம் சூட்டில் பட்டுப்புடவைகளின் சரிகை கறுக்கிறது, பிளாஸ்டிக் கவர் துணியோடு ஒட்டிக்கொள்கிறது என்று முதலாளி கூப்பிட்டிருந்தார். உனக்கு போன் செய்து சொன்னேன். நீ கத்திய கத்தலில் காது அடைத்தது. "டேய், எங்க பக்கமும் உண்டா?" என்று கேட்டாய். ரூம் முழுக்கத்தான் என்றேன். அதுவரைக்கும் நான் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நினைத்திருந்தேன்.

சரக்குப் பக்கம் முடிந்த அன்று கான்ட்ராக்டர் வந்தார். "பொண்ணுங்க பக்கம் போர்டு மட்டும் அடி. கீழருந்து பாத்தா ரெண்டும் ஒண்ணுதான்" என்றார்.

"ரெண்டு உருளை மீதி கீது சார்."

"அது அனந்தபுரம் சைட்டுக்கு. மொதலாளியே போதும்னுட்டாரு, உனக்கு இன்னா? அடுத்த மாசம் தனி டீம் குடுக்கிறேன்னு சொல்லிக்கினு இருக்கேன், நீ பேஜாரு பண்ணாத. ஜல்தியா மூடு."

மூடினேன்.

எதை மூடினேன் என்று எனக்குத் தெரியும், அக்கா. தெரியாமல் செய்தேன் என்று எழுத இப்போதும் கை துறுதுறுக்கிறது. பஞ்சு வைத்தால் அந்தச் சுவரோரச் சந்தை அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் வெளிச்சூடு அந்த வழியாக உள்ளே வந்துவிடும். பஞ்சு இல்லாமல் சந்தை மட்டும் அடைத்தால் அது மூடி போட்ட சட்டி. சீட்டின் சூடு போர்டில் இறங்கும், போர்டின் சூடு உங்கள் மேல் இறங்கும், அந்தச் சின்ன ஜன்னலை விட்டால் போவதற்கு வழி இருக்காது. வேலை பழகுகிற எவனுக்கும் முதல் மாதத்திலேயே தெரிகிற விஷயம். நான் சந்தை போர்டால் அடைத்து, இடுக்கில் பேஸ்ட் பூசி, வெள்ளையடித்து, கீழே நின்று பார்த்தேன். அழகாக இருந்தது. கான்ட்ராக்டர் சொன்னது உண்மை. இரண்டும் ஒன்றுதான்.

நான் இறங்கி வரும்போது நீ படிக்கட்டில் டீயோடு நின்றிருந்தாய். பின்னால் மற்ற ஐந்து பேரும் நின்றார்கள். "எங்க பக்கத்து வூட்டுப் பையன். என் தம்பி மாதிரி" என்று அவர்களிடம் சொன்னாய். பிறகு என்னைப் பார்த்து, "பஞ்சு வெச்சுட்டியாடா?" என்றாய்.

இல்லை என்று சொல்ல ஒரு நொடி இருந்தது. சொல்லியிருந்தால் நீ நேராகக் கீழே போய் முதலாளியிடம் சண்டை போட்டிருப்பாய். வேலை போயிருக்கலாம், என் தனி டீமும் போயிருக்கலாம். அதையெல்லாம் கூட நான் அந்த நொடியில் யோசிக்கவில்லை. ஆறு பெண்கள் முன்னால், புடவைக்குப் பஞ்சு வைத்துவிட்டு உங்களுக்கு வெறும் பலகை அடித்தவன் என்று நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான். "வெச்சாச்சுக்கா" என்றேன். டீயை வாங்கிக் குடித்தேன்.

கோடை வெயில் ஏறியதும் போன் செய்தாய். "டேய், மத்தியானம் சோறு துன்ன மேல போனா எரியுதுடா. முன்னையவிட ஜாஸ்தியா இருக்குது. பஞ்சு செட் ஆவ நாளாவுமா?"

சிமென்ட்டுக்கு ஈரம் காய நாள் வேண்டும். பஞ்சுக்கு ஒன்றும் வேண்டாம், வைத்த நிமிடத்திலிருந்து வேலை செய்யும். உனக்கு அது தெரியாது என்பது எனக்கு வசதியாக இருந்தது. "ஆவும்க்கா, கொஞ்ச நாளாவும்" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். தொழில் தெரிந்தவன் மாதிரி இன்னொன்றும் சொன்னேன்: "பகல்ல ஜன்னல சாத்தி வை. வெளி அனல் உள்ள வராது."

பஞ்சு வைத்த அறைக்கு அது சரியான யோசனை. வாடிக்கையாளர்கள் எல்லோரிடமும் சொல்வோம். வாய்ப் பழக்கத்தில் வந்துவிட்டது என்று பல நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். பழக்கம் இல்லை. பஞ்சு இருக்கிறது என்ற பொய்யை நிமிர்த்தி நிறுத்த ஒரு முட்டு வேண்டியிருந்தது, ஜன்னலைக் கொடுத்தேன்.

"நீ சொன்னா சரிடா" என்றாய்.

கத்திரி வெயில் நேரம், உன் லீவு நாளில், தலைவலி என்று ஊருக்கு வராமல் மேலேயே படுத்துவிட்டாய். மற்றவர்கள் கடையில் நின்றார்கள். மூன்று மணிக்குச் சாப்பிட மேலே வந்த இரண்டு பேர் உன்னை எழுப்பிப் பார்த்திருக்கிறார்கள். உடம்பு அடுப்புக்கல் மாதிரி கொதித்ததாம், வியர்வையே இல்லையாம். வாய் ஏதேதோ பேசியதாம். ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். சாயங்காலம் எனக்கு போன் வந்தது. ஜன்னல் சாத்தியிருந்தது என்பதை அவர்கள் யாரும் ஒரு விஷயமாகவே சொல்லவில்லை. நான்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

ஆஸ்பத்திரிக் காகிதத்தில் உன் சாவுக்குக் காரணம் காய்ச்சல், வலிப்பு என்று எழுதியிருந்தது. "அந்தப் பொண்ணுக்கு முன்னாடியே வலிப்பு இருந்துச்சாம்" என்று கடையிலிருந்து வந்த மாலையோடு ஒரு பேச்சும் வந்தது. உனக்கு வலிப்பு இருந்ததில்லை. ஒரே சுவர், எனக்குத் தெரியாதா? உன் அம்மா என் முகத்தைப் பார்த்தார், நான் சொல்வேன் என்று. நான் பந்தல் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தேன். காலனிப் பெண் செத்தால் வலிப்பு, குடி, காதல் என்று ஏதாவது ஒன்றை அவள் தலையில் எழுதிவிட்டுப் போகிறார்கள் என்று நண்பர்களிடம் மணிக்கணக்காகப் பேசுகிறவன் நான். அன்றைக்கு முடிச்சு போடுவதில் அவ்வளவு கவனமாக இருந்தேன்.

காரியத்தன்று உன்னோடு தங்கியிருந்த பெண்களில் சின்னவள் என்னிடம் வந்தாள். "அண்ணா, சூடு தாங்காம நாங்க வேற ரூம் பாக்கலாம்னு சொல்லிக்கினு இருந்தோம். அக்காதான் வுடல. எந்தம்பி வெச்ச பஞ்சு, செட் ஆவட்டும் இருங்கடின்னு எங்களத் திட்டும்" என்றாள். குற்றம் சொல்லும் குரல் இல்லை. என்னை ஆறுதல்படுத்தத்தான் சொன்னாள். நீ என்னை எவ்வளவு நம்பினாய் என்று நான் தெரிந்துகொள்ள வேண்டுமாம்.

தெரிந்துகொண்டேன். அடுத்த மாதம் தனி டீமையும் வாங்கிக்கொண்டேன்.

முதலாளி மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. கான்ட்ராக்டர் மேலும் இருக்கிறது. புடவைக்கு இருக்கிற மரியாதை அதை விரித்துக் காட்டுகிற கைக்கு இல்லாத இந்த ஊரின் மேலும் இருக்கிறது. ஒரு வருடமாக இந்தக் கோபங்களின் நிழலில்தான் நான் உட்கார்ந்திருந்தேன். அவர்கள் சொன்னார்கள், ஆனால் ஸ்குரூ முடுக்கியது என் கை. நீ அவர்களை நம்பவே இல்லை. என்னைத்தான் நம்பினாய்.

உடற்பயிற்சி அறையில் உட்கார்ந்த மறுநாள், எங்களுக்குச் சரக்கு தருகிற கடையில் இரண்டு உருளை வாங்கினேன். ஒன்றைத் தோளிலும் ஒன்றைக் கக்கத்திலும் வைத்துக்கொண்டு விழுப்புரத்தில் திண்டிவனம் பஸ் ஏறினேன். "இன்னாபா, மாமியார் வூட்டுக்கு மெத்தையா?" என்றார் கண்டக்டர். பஸ்ஸில் பாதிப் பேர் சிரித்தார்கள். நீ இருந்திருந்தால் அவருக்குப் பதில் சொல்லியிருப்பாய். நான் டிக்கெட்டுக்குச் சில்லறையை நீட்டினேன்.

முகூர்த்த நாள் நெருக்கம், கடையில் நல்ல கூட்டம். முதலாளி புடவைப் பக்கத்தில் நின்று ஒரு கல்யாண வீட்டுக்காரம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார். உன் இடத்தில் ஒரு புதுப் பெண், மேல் ரூமில் இப்போதும் ஆறு பேர் என்று சின்னவள் வாசலிலேயே சொன்னாள். போர்டு அப்படியே இருக்கிறதாம், சந்து அடைத்தபடியே இருக்கிறதாம். படிக்கட்டுக் கதவை இப்போது பகலில் பூட்டி வைத்திருந்தார்கள்.

"மொதலாளி, மேல பொண்ணுங்க பக்கம் பஞ்சு இல்ல" என்றேன்.

"யாருப்பா நீ?"

"போர்டு அடிச்சவன்."

முகம் கொஞ்சம் மாறியது. "கான்ட்ராக்டர்கிட்ட பேசிக்கிறேன், நீ போ."

"அவரு வரமாட்டாரு. நீங்க வேணான்னீங்க, அவரு மூடச் சொன்னாரு, நான் மூடினேன். செத்துப்போன அக்கா வலிப்புல சாவல." நான் சத்தமாகப் பேச நினைக்கவில்லை, சத்தமாகத்தான் வந்தது. கல்யாண வீட்டுக்காரம்மா புடவையிலிருந்து கையை எடுத்துவிட்டார். "சாவி குடுங்க. போர்ட கழட்டி நானே வெச்சுட்டுப் போறேன். எனக்குக் கூலி வேணாம்."

முதலாளி என்னைப் பார்க்கவில்லை. புதுப் பெண்ணிடம், "அம்மாவுக்கு அந்த மாம்பழக் கலர எடுத்து விரிம்மா" என்றார்.

அவள் எடுக்கவில்லை. என்னைப் பார்த்தாள், பிறகு தலையைத் தூக்கிக் கடையின் கூரையைப் பார்த்தாள். அதற்கு மேலே ஒரு மாடி, அதற்கும் மேலே அவள் பாய். பஞ்சின் இழை வியர்வையில் நனைந்து என் கழுத்தில் ஏறி அரித்தது. உருளையை நான் இறக்கவில்லை.

"மேல் ரூம் சாவி குடுங்க, மொதலாளி."